வாக்கி டாக்கியில் வந்த பெயர்

நான் பொறுப்பில் இருந்தவரை, புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் போட்ட முதல் சட்டம் உங்களில் யாருக்கும் பிடித்ததில்லை. வாக்கி டாக்கி கையில் இருக்கும்போது யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. மீறிக் கூப்பிட்டால் அன்றைக்கு வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான். “அந்தம்மா மிலிட்டரியிலே இருந்தவங்களோ” என்று நீங்கள் என் முதுகுக்குப் பின்னால் சிரித்ததெல்லாம் என் காதில் விழுந்திருக்கிறது. சிரித்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்றுவிட்டேன், இனி யாரையும் வீட்டுக்கு அனுப்ப என்னால் முடியாது. அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். சொல்லச் சந்தோஷமான விஷயம் இல்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகான ஆண்டுகள் அவை. கிரிக்கெட்டில் கை வைத்தால் தொட்டதெல்லாம் பொன்னாகும் என்று எல்லாரும் நம்பிய காலம். வளைகுடாவில் தொழில் செய்த சிலர் கூடிப் பேசி ஒரு லீக் ஆரம்பித்தார்கள். பல நாட்டு ஆட்டக்காரர்கள், கலப்பு அணிகள், விளக்கொளியில் ஆட்டம், டிவியில் நேரடி ஒளிபரப்பு என்று எல்லாம் பெரிய பெரிய பேச்சாக இருந்தது. கிரிக்கெட் அமைப்புகள் அதை அங்கீகரிக்கவில்லை. எந்த நல்ல ஸ்டேடியமும் கதவு திறக்கவில்லை. கடைசியில் திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில், மூடிக் கிடந்த ஒரு தொழிற்சாலையின் விளையாட்டு மைதானத்தை வாடகைக்குப் பிடித்தார்கள். காலையில் பிட்ச்சின் மேல் போட்ட தார்ப்பாயை எடுத்தால் அனல் மின் நிலையத்துச் சாம்பல் சலித்த மாவு மாதிரி படிந்திருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு வேகப்பந்து வீச்சாளர் அதை விரலால் தொட்டுப் பார்த்து, உங்கள் ஊரில் பனி விழுமா என்று கேட்டார். விழும் என்று சொல்லிவிட்டேன். வந்த முதல் நாளே ஒரு மனிதனைப் பயமுறுத்துவானேன்.

நான் ராயபுரத்துப் பெண். அப்பா துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தவர். லீக்கில் எனக்கு மைதானப் பொறுப்பு. கன்டெய்னர்களைத் துறைமுகத்திலிருந்து எடுத்து வருவது, மேடை, விளக்கு, கழிப்பறை, தண்ணீர் என்று ஆட்டத்தைத் தவிர மற்ற எல்லாமும் என் தலையில்தான். ஆட்டம் நன்றாக இருந்தால் ஆட்டக்காரருக்குப் பேர், கழிப்பறையில் தண்ணீர் வரவில்லையென்றால் எனக்கு வசவு. நம் தொழிலின் இலட்சணம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

எங்களுக்கெல்லாம் மேலே ஒரு வெளிநாட்டவர் இருந்தார். பல நாடுகளில் போட்டிகள் நடத்திப் பழுத்தவர். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன், அவரும் விரும்ப மாட்டார். எந்தக் குழப்பம் வந்தாலும் யார் செய்தது என்று கேட்கவே மாட்டார். “இது இன்னும் யாருக்குத் தெரியாது?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. ஒரு தடவை ஓர் அணியின் மட்டைகளும் உடைகளும் இருந்த கன்டெய்னர் வேறு ஏதோ துறைமுகத்தில் இறங்கிவிட்டது. நாங்கள் ஒருவரை ஒருவர் குதறிக்கொண்டிருந்தோம். அவர் வந்து அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான், அணித் தலைவருக்கே யாரும் சொல்லவில்லை என்பது உறைத்தது. அவரே ஃபோனை எடுத்து, “உங்கள் மட்டைகள் இன்னும் கடலைச் சுற்றிப் பார்க்கின்றன” என்று சொன்னார். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. தெரிய வேண்டியவருக்கு முதலில் தெரிந்துவிட்டால் பாதிச் சண்டை அடங்கிவிடும் என்று அவரிடம்தான் கற்றுக்கொண்டேன்.

தொடக்க ஆட்டம் நெருங்கியபோது மைதானத்தின் வடக்குப் பக்கத்தில் ஒரு பெரிய திரையை நிறுத்த வேண்டியிருந்தது. அதற்கான இரும்புச் சட்டத்தைத் தூக்கி வைக்க, துறைமுகத்தில் வேலை செய்யும் ஒரு ஒப்பந்தக்காரரிடமிருந்து கிரேனும் ஆட்களும் வந்தார்கள். கிரேன் ஓட்டியவர் தாஸ். கீழே நின்று சட்டத்தைப் பிடித்து இடத்தில் பொருத்த வேண்டியவர் செல்வம். செல்வம் தாஸின் தங்கை புருஷன். இருவருமே வியாசர்பாடி. வேலையில் இருவரும் ஜோடி போட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. “மச்சான் கண்ணக் காட்டுனா போதும்க்கா, சரக்கு தானா போய் குந்திக்கும்” என்று தாஸ் பெருமையாகச் சொல்வார்.

ஆனால் எங்கள் மைதானத்தில் அந்தக் கண் தெரியவில்லை. கிரேனுக்கும் திரைக்கும் நடுவில் தற்காலிகமாகக் கட்டிய பார்வையாளர் காலரி மறைத்தது. ஜெனரேட்டர் இரைச்சலில் கத்தினாலும் கேட்காது. அதனால் இருவரிடமும் ஆளுக்கொரு வாக்கி டாக்கியைக் கொடுத்தார்கள். அவர்களுக்கு அது புதிது. செல்வம் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு போலீஸ்காரர் மாதிரி நடந்து காட்டிக் கூட்டாளிகளைச் சிரிக்க வைத்தார்.

அதே சமயத்தில்தான் மும்பையிலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தாள். ஆர்யா என்று பெயர். ஒளிபரப்புக் குழுவுக்கும் மைதானத்துக்கும் நடுவில் எல்லாவற்றையும் ஒருங்கிணைப்பது அவள் வேலை. நல்ல பெண், சுறுசுறுப்பு. அவள் இல்லாமல் ஒரு வயர்கூட நகராது. அவர்களுடைய வாக்கி டாக்கியில் நாள் முழுக்க அவள் பெயர்தான் ஓடிக்கொண்டிருக்கும். ஆர்யா, ஆர்யா, எங்கே இருக்கிறாய். ஆர்யா, ஆர்யா, வேனுக்கு வா.

விபத்து நடந்த அன்று முற்பகலில் நான் துறைமுகத்தில் இருந்தேன். செய்தி வந்ததும் கிளம்பினேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. இறங்கி நடந்தே மைதானத்துக்கு வந்தபோது செல்வத்தை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போய்விட்டிருந்தார்கள். இரும்புச் சட்டம் அவர் மேலேயே இறங்கிவிட்டது. உயிர் அங்கேயே போயிருந்தது. தாஸைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். குடித்திருக்கிறாரா என்று பார்க்க அவருடைய இரத்தத்தைச் சோதனைக்கு எடுத்திருந்தார்கள், முடிவு வர நாளாகும் என்றார்கள்.

அன்று பகல் முழுவதும் ஆஸ்பத்திரியில் செல்வத்தின் கூட்டாளிகளோடு நின்றேன். “செல்வம் எறக்க சொல்லவே இல்ல. நாங்க பக்கத்துல தான் இருந்தோம். தாஸண்ணன் எதுக்கு எறக்குனாருன்னு தெர்ல” என்று எல்லாரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். தாஸ் ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவர். ஊரே அறியும். விட்டுவிட்டார் என்பதையும் ஊர் அறியும், ஆனால் அதை யார் நம்புவார்கள். சாயங்காலப் பத்திரிகையில் “குடிபோதையில் கிரேன் ஓட்டுநர்” என்று வந்துவிட்டது. அந்தச் செய்தியை யார் கொடுத்தார்கள் என்று நான் இன்றைக்குக்கூட ஊகிக்கத்தான் முடியும்.

மைதானத்தில் லீக் அலுவலகமாக இருந்த எங்கள் கூடாரத்தில் வேறொரு பேச்சும் ஓடியது. தாஸ் பொய் சொல்கிறார், பழியை ஆர்யா மேல் போடுகிறார் என்றார்கள். இறக்கச் சொன்னது ஆர்யா என்று போலீஸில் சொன்னாராம். அந்தப் பெண் அந்த நேரத்தில் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், பார்த்தவர்கள் பலர். கிரேன்காரரோடு அவள் ஒரு வார்த்தை பேசியதுகூடக் கிடையாது. “நான் அந்த ஆளுக்கு என்ன செய்தேன்?” என்று அழுதாள். எனக்கே தாஸ் மேல் கோபம் வந்தது.

மறுநாள் காலையில் காவல் நிலையத்துக்குப் போனேன். தாஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அழுகை எல்லாம் வற்றிப்போன முகம்.

“நா குடிக்கலக்கா” என்றார். “உட்டுட்டேன், உனுக்கே தெரியும். ஆரியான்னாங்கோ, நா எறக்குனேன். அவ்ளோ தான் நடந்துச்சு. அத்த தான் நேத்துலேர்ந்து சொல்லிகினே கீறேன். யாரு ஆரியா, எந்த ஆரியான்னு கேக்குறாங்கோ. இதுக்கு இன்னாக்கா பதில் சொல்றது?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

துறைமுகத்தில் பளு தூக்குகிறவர்களுக்கு இரண்டே சொற்கள்தான். தூக்கு என்றால் ஆபீஸ். இறக்கு என்றால் ஆரியா. எந்தக் கப்பல்காரன் எந்தக் கரையிலிருந்து கொண்டுவந்து இங்கே விட்டுப் போனானோ தெரியாது, எங்கள் பக்கத்தில் அது தமிழாகவே ஆகிவிட்டது. ராயபுரத்தில் எங்கள் வீட்டு பீரோவை மாடியிலிருந்து கயிறு கட்டி இறக்கியபோது அப்பாவோடு சேர்ந்து தெருவே ஆரியா, ஆரியா என்றது. அப்படித்தான், இரண்டு தடவையாகத்தான் சொல்வார்கள். இன்ஸ்பெக்டர் தென்மாவட்டத்துக்காரர், அவருக்கு இந்தச் சொல் தெரிய நியாயமில்லை. எங்கள் கூடாரத்துக்காரர்களுக்கோ தமிழே தெரியாது. தாஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன ஒரே வார்த்தையை எல்லாரும் ஒரு பெண்ணின் பெயராக எழுதிக்கொண்டார்கள்.

யாரோ ஆர்யாவைக் கூப்பிட்டது தாஸின் வாக்கி டாக்கியில் விழுந்திருக்க வேண்டும் என்று இன்ஸ்பெக்டரிடம் விளக்கிச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “நீங்கள் சொல்வது நியாயமாக இருக்கிறது. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டது யார் என்று ஆளைக் காட்டுங்கள், எழுதிக்கொள்கிறேன்” என்றார். அன்று பிற்பகலில் அடக்கம் என்று தெரிந்து, ஒரு காவலரோடு தாஸை அதற்கு அனுப்பவும் ஒப்புக்கொண்டார். நல்ல மனிதர்.

நேராக ஒளிபரப்பு வேனுக்குப் போனேன். அங்கே இருந்த டெக்னீஷியன் ஒளிக்கத் தெரியாதவன். ஆமாம், முந்தின நாள் ஆர்யாவைத் தேடி விடாமல் கூப்பிட்டேன், அவள் பதிலே தரவில்லை என்றான். எந்த வாக்கி டாக்கியில் என்று கேட்டேன். எல்லாருடையதும் சார்ஜ் போடுவதற்காக ஒரே பெட்டியில் கிடக்கும், கைக்கு வந்ததை எடுத்தேன், எல்லாம் ஒரே மாதிரி கறுப்புதானே என்றான். கிரேன்காரர்களுக்காகத் தனி அலைவரிசை வைத்திருந்த ஒன்று அவன் கையில் போயிருக்கிறது. வேனுக்குள் உட்கார்ந்து அவன் ஆர்யா, ஆர்யா என்று கூப்பிட, கரகரப்புக்கு நடுவில் அது தாஸின் காதில் ஆரியா, ஆரியா என்று விழுந்திருக்கிறது. செல்வத்தின் கருவியிலும் அது வந்திருக்கும், ஜெனரேட்டர் இரைச்சலில் கீழே யாருக்கும் கேட்டிருக்காது. யார் குரல் என்று அந்தக் கருவியில் அடையாளம் தெரியாது. மச்சான் சொல்கிறார் என்று இறக்கிவிட்டார். இவ்வளவுதான் நடந்தது.

உடனே மேலதிகாரிகளிடம் போனேன். வக்கீல் ஒருவர், பத்திரிகைக்காரர்களைப் பார்த்துக்கொள்கிறவர் ஒருவர், எங்கள் தலைவரான அந்த வெளிநாட்டவர். மறுநாள் தொடக்க ஆட்டம். நான் சொல்லி முடித்ததும் வக்கீல் பேனாவை மூடி வைத்தார். ஓட்டுநர் குடித்திருந்தால் ஒப்பந்தக்காரருடைய தவறு. வாக்கி டாக்கி மாறியிருந்தால் நம்முடைய தவறு. ஆகவே சோதனை முடிவு வரும் வரைக்கும், ஆட்டம் முடியும் வரைக்கும், யாரும் யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. அந்த டெக்னீஷியன் மைதானத்தை விட்டு வெளியே போகக் கூடாது. ஒரு நாள்தானே, இறந்தவருக்கு அதனால் என்ன ஆகிவிடும் என்று கேட்டார்.

இறந்தவருக்கு ஒன்றும் ஆகாது, அவர் மனைவிக்கு ஆகும் என்றேன். அவர்களுக்குக் கோடி என்றால் என்னவென்று விளக்கப் பார்த்தேன். புருஷனை இழந்த பெண்ணுக்கு அவள் பிறந்த வீட்டிலிருந்து அண்ணனோ தம்பியோ புதுப்புடவை கொண்டுவந்து போட வேண்டும். உடலை எடுப்பதற்கு முன்னால் அது நடக்க வேண்டும். கஸ்தூரிக்கு, அதுதான் தாஸின் தங்கை பெயர், அப்பா அம்மா கிடையாது. அவளை வளர்த்ததே அண்ணன்தான். இன்றைக்கு அவள் அவர் கையால் கோடி வாங்க மறுத்துவிட்டால் எனக்குப் பிறந்த வீடே இல்லை என்று ஊரறியச் சொன்னதாகும். அதற்குப் பிறகு எந்தச் சோதனை முடிவு வந்தாலும் அதை ஒட்ட வைக்க முடியாது. அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பத்திரிகைப் பொறுப்புக்காரர், “புடவைதானே, நாமே நல்லதாக ஒன்று வாங்கி அனுப்பலாமே” என்றார்.

நான் எங்கள் தலைவரைப் பார்த்து அவருடைய கேள்வியையே கேட்டேன். இது இன்னும் யாருக்குத் தெரியாது?

அவர் மேஜையைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். நான் எழுந்து வெளியே வந்தேன். அவர் என்னைத் தடுக்கவில்லை. காரும் கொடுக்கவில்லை. நல்லவர்களிடம் கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் நெருக்கடியில் அவர்கள் வந்து பக்கத்தில் நிற்பார்கள் என்று எதிர்பார்த்து எதையும் தொடங்காதீர்கள். அன்றைக்கு எனக்கு அவர் மேல் வந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

வாசலில் ஆர்யா நின்றாள். அந்த ஆள் ஏன் என் பெயரைச் சொன்னார், உங்களுக்குத் தெரியும் போலிருக்கிறதே என்று கேட்டாள். சொல்லாமல் இருக்கலாம் என்று பார்த்தேன். முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வரவில்லை. சொன்னேன். “நானும் வருகிறேன்” என்றாள். வேண்டாம், உனக்குப் பாஷை தெரியாது, அங்கே யார் எப்படி இருப்பார்களோ தெரியாது என்றேன். ஆட்டோவில் எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

லீக்கின் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன், கடைசியில் அதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. மறுநாள் தொடக்க ஆட்டம் நடந்தது. வாண வேடிக்கையும் நடந்தது. திரை மட்டும் இல்லை. என்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த டெக்னீஷியன் பிறகு தானாகவே போய் வாக்குமூலம் கொடுத்தான். சோதனை முடிவிலும் ஒன்றும் இல்லை. தாஸ் மேல் வழக்கு நிற்கவில்லை. லீக்கும் நிற்கவில்லை, அடுத்த பருவத்துக்குள் கடையைக் கட்டிவிட்டார்கள். தாஸ் அதற்குப் பிறகு கிரேனில் ஏறவே இல்லை. காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் வேலைக்குப் போனார்.

நாங்கள் வியாசர்பாடிக்குப் போனபோது குடியிருப்பு வாசலில் பந்தல் போட்டுப் பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். மூலக்கொத்தளம் மயானத்துக்குக் கொண்டுபோக வண்டிக்குப் பூ கட்டிக்கொண்டிருந்தார்கள். தாஸ் தெருமுனை டீக்கடையில் நின்றிருந்தார். பக்கத்தில் அந்தக் காவலர். தாஸின் கையில் துணிக்கடைப் பை, அதில் கோடிப் புடவை. செல்வத்தின் அண்ணன் அவரை உள்ளே விடவில்லை என்றார்கள். செல்வத்தோடு வேலை செய்த கூட்டாளி ஒருவர் அங்கே என்னை ஓரமாகக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னார். அதைப் பிறகு சொல்கிறேன்.

செல்வத்தின் அண்ணன் என்னையும் மறித்தார். “இன்னாம்மா, கம்பெனியா? போட்டோ புடிக்க வந்தீங்களா?”

“இல்லைங்க. ராயபுரம். துறைமுகத்துக்காரர் பொண்ணு. கஸ்தூரிகிட்ட ஒரு வார்த்தை பேசணும். அப்புறம் நீங்க என்னை என்ன வேணா சொல்லுங்க.”

அவர் ஆர்யாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வழி விட்டார்.

கஸ்தூரி செல்வத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் ஒரு சின்னப் பெண் தூங்கிப்போயிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி எல்லாவற்றையும் சொன்னேன். கறுப்புப் பெட்டிகள் மாறிப்போனதை, வேனிலிருந்து ஒருவன் கூப்பிட்டதை, அது தாஸின் காதில் எப்படி விழுந்தது என்பதை. அவள் முதலில் நம்பவில்லை.

“ஆரியான்னு எங்கூட்டுக்காரரு சொல்லலன்னு பசங்க சொல்றாங்கோ.”

“அவர் சொல்லலை கஸ்தூரி. ஆனா உங்க அண்ணன் காதுல அது விழுந்தது நெஜம். அது இந்தப் பொண்ணோட பேரு.”

அவள் அப்போதுதான் ஆர்யாவை நிமிர்ந்து பார்த்தாள். “உம் பேரு இன்னா?”

அந்தப் பெண்ணுக்கு அந்தக் கேள்வி மட்டும் புரிந்துவிட்டது. “ஆர்யா.”

“இன்னொரு தபா சொல்லு.”

“ஆர்யா.”

கஸ்தூரி கண்ணை மூடிக்கொண்டாள். “ஆமா. அதே தான்” என்றாள். “இத்த தோள்லேர்ந்து எறக்கறப்போ அப்டி தான் சொல்லுவாரு. இதுவும் கூடவே சொல்லும்.” மடியில் இருந்த குழந்தையின் தலையைத் தடவினாள். ஆர்யா குலுங்கி அழுதாள். கஸ்தூரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அழுவாத. பேருக்கு நீ இன்னா பண்ணுவ.”

இதோடு முடிந்திருந்தால் நான் வந்த காரியம் ஆயிற்று என்று நிம்மதியாக எழுந்திருப்பேன். ஆனால் கஸ்தூரி என் பக்கம் திரும்பினாள்.

“நேத்துலேர்ந்து எங்கண்ணன வஞ்சிகினே இருந்தேன் யக்கா. அந்தக் கோவத்துல தான் நா உக்காந்துகினு கீறேன். இப்ப அத்தயும் எடுத்துகினு பூட்ட. இனிமே நா யார வையறது?”

நான் வந்திருக்கவே கூடாதோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. உண்மையைச் சொன்னால் எதிரே இருப்பவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். அது அவர்களுக்குச் சேர வேண்டியது, அதனால் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். அவ்வளவுதான்.

பிறகு கஸ்தூரி தலையை உயர்த்தி, “எங்கண்ணன வர சொல்லுங்கோ” என்றாள். செல்வத்தின் அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “வர சொல்லு மாமா. எனக்கு வேற யாரு கீறாங்க” என்றாள்.

தாஸ் வந்தார். கூட வந்த காவலர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். தாஸ் செல்வத்தின் முகத்தைப் பார்க்காமல் சுவரை ஒட்டி நடந்து வந்து, புடவையைப் பிரித்துத் தங்கையின் தோளில் போர்த்தினார். பெண்கள் எல்லாரும் ஓவென்று அழுதார்கள். கஸ்தூரி அழவில்லை. புடவையின் ஓரத்தை இழுத்துப் பிடித்தபடி அண்ணனிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

“அண்ணே, அவரு உன்ன கூப்ட்டாரா?”

டீக்கடையில் அந்தக் கூட்டாளி என்னிடம் சொன்னது இதைப் பற்றித்தான். சட்டம் தன்மேல் இறங்குவதைச் செல்வம் பார்த்திருக்கிறார். ஓட இடமில்லை, பின்னால் காலரி. வாக்கி டாக்கியை வாயில் வைத்து ஆபீஸ், ஆபீஸ் என்று கத்தியிருக்கிறார். தாஸ் மச்சான், தூக்கு என்று பெயர் சொல்லியும் கூப்பிட்டிருக்கிறார். ஆனால் ஒருவர் பொத்தானை அழுத்திப் பேசிக்கொண்டிருக்கும்போது அதே அலைவரிசையில் மற்றவர் குரல் போய்ச் சேராது. வேனில் இருந்தவன் பொத்தானை விடவே இல்லை. “அத்த தாஸண்ணங்கிட்டயும் கஸ்தூரி அக்காகிட்டயும் சொல்ல மனசு வர்லம்மா. நீ பாத்து சொல்லு” என்று அவர் அந்தப் பாரத்தை என் தலையில் இறக்கி வைத்திருந்தார்.

தாஸ் தங்கையின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். “இல்லம்மா. அவரு கொரலே வர்ல. ஒரு தபா கூப்ட்டிருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டனா?”

“அப்ப அவருக்கு ஒன்னுமே தெர்ல” என்றாள் கஸ்தூரி. “மேல பாக்கல. பயப்படல. தெரியாமயே பூட்டாரு.”

சொல்லிவிட்டு அவள் அண்ணனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். உண்மையைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்தவள் நான்தானே, ஆகவே என்னைத்தான் பார்த்தாள். அண்ணனும் தங்கையும் இன்று உயிரோடு இல்லை. அதனால்தான் உங்களிடம் இதைச் சொல்ல முடிகிறது.

ஆமாம் என்று தலையசைத்தேன்.